கிரெனாவில் இறங்கிய நால்வர்

காலையில் எழுந்ததிலிருந்தே ஹாலுக் நல்லவனாக இருந்தான். அதுதான் நெர்மினுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்ததில்லை. இன்று கப்பலின் மேல்தளத்திலிருந்து கண்ணாடிக் குவளையைத் தளும்பாமல் ஏந்திவந்து, அறைக்கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"எழுந்திரு, நெர்மின். தீவு வந்தாச்சு."

"என்ன திடீர்னு உபசாரம்?"

"பொண்டாட்டிக்கு ஒரு டீ கொடுக்கக் கூடாதா?"

சிரித்தான். சிரிப்பு உதட்டைத் தாண்டி மேலே போகவில்லை.

இஸ்மீர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய மூன்று நாளில், ஊரில் விட்டுவந்ததைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பேசினால் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். போன குளிர்காலத்து நிலநடுக்கத்தில், தெற்கே ஒரு நகரத்தில் மனோல்யா என்ற எட்டு மாடிக் குடியிருப்பு மண்ணோடு மண்ணாய்ப் போனது. கட்டியது ஹாலுக்கின் நிறுவனம். கீழ்த்தளத்தில் சூப்பர் மார்க்கெட் வைப்பதற்காகப் பின்னாளில் இரண்டு தூண்களை எடுத்திருந்தார்கள். எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவன் ஹாலுக். கூட்டாளி ஒர்ஹானைச் சென்ற வாரம் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. ஹாலுக்கை இன்னும் யாரும் அழைக்கவில்லை. அழைப்பதற்குள் அவனுடைய அக்கா நுர்தென், எல்லோருக்குமாகக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"குழந்தை முகம் வாடிப்போச்சு. நாலு நாள் கடல்காத்து பட்டாத் தெளிஞ்சுடும்" என்றாள்.

குழந்தை என்றால் பெலின். பதினேழு வயது. அவள் முகம் வாடியது ஸெலிஹாவால். மனோல்யாவில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அந்தப் பெண், வசந்தம் பிறந்த நாள்முதல் தினமும் காலையில் வந்து அவர்கள் வீட்டுக்கு எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்றாள். கத்தவில்லை, கல்லெறியவில்லை. நின்றாள், அவ்வளவுதான். ஒருநாள் பெலின் அவளுக்கு ஒரு குவளைத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு ஹாலுக் வீடு அதிரக் கத்தினான். அதன்பிறகு பெலின் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நெர்மின் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். சர்க்கரை போட்டிருந்தான். அவள் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

*

கிரெனா சின்னத் தீவு. பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறையில்லை. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் ஆட்களை ஏற்றி இறக்கின. படகிலிருந்து கல்படிக்குத் தாவும்போது நெர்மினின் தலைத்துணியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"காத்து ஏறிட்டே இருக்கு" என்றாள் தூலின். பயணிகளை மேய்ப்பதற்காகக் கப்பல்காரர்கள் வைத்திருந்த பெண் அவள். கையில் மஞ்சள் குடை. "சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியாது. மதியமே கடைசிப் படகு. சங்கு ஊதினா எல்லாரும் வந்துடணும். யாருக்காகவும் கப்பல் நிக்காது."

ஹாலுக் தோளில் ஒரு பையை மாட்டியிருந்தான். பெலினின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"நாங்க ரெண்டு பேரும் மேல இருக்கற சர்ச்சு வரைக்கும் நடந்துட்டு வரோம். அக்காவுக்கு முழங்கால் தாங்காது. நீ அவளோட இரு."

"நானும் வரேன்."

"அப்பாவும் பொண்ணும் பேசணும்னா விடமாட்டியா?"

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பிறகு குனிந்து நெர்மினின் நெற்றியில் முத்தமிட்டான். துறை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. தன் தாயை அடக்கம் செய்த அன்று அந்தத் தாயின் நெற்றியில் அவன் இப்படித்தான் முத்தமிட்டான்.

இருவரும் வெள்ளை வீடுகளுக்கு நடுவே படியேறிப் போனார்கள். பெலின் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

துறையோரத்துக் காப்பிக்கடையில் நுர்தென் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். தம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; மருந்துக்கடை வைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவள். கடைக்காரன் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் முகர்ந்து பார்த்தாள்.

"இந்தத் தீவுக்காரங்க நம்ம காப்பியையே எடுத்து, அவங்க பேரை வெச்சு, நமக்கே விக்கறாங்க. குடி."

நெர்மின் குடித்தாள். கண் மட்டும் படிகளை விட்டு அகலவில்லை.

"நல்லாக் குடிச்சுட்டுக் கோப்பையைக் கவுத்து வை. அடியில ஒட்டற வண்டலைப் பாத்து உனக்கு என்ன வருதுன்னு நான் சொல்றேன்."

"எனக்கு என்ன வரப்போகுது?"

"பாத்தாத்தானே தெரியும்."

நுர்தென் ஓயாமல் பேசினாள். கப்பலில் போடும் ரொட்டி, பக்கத்து அறைக்காரனின் குறட்டை, மருந்துக்கடையில் முன்னொரு காலத்தில் வேலைபார்த்த பெண். நெர்மின் எழ நினைத்தபோதெல்லாம் ஒரு பேச்சு முளைத்தது. "உட்காரு, முழுசாக் கேளு" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாகவே இருந்தது.

தூலின் குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

"ஹாலுக் சாருக்கு பேங்க் வேலை முடிஞ்சுதா, மேடம்?"

"என்ன பேங்க்?"

"காலையில கப்பல் ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினாரே. பணம் மாத்தணும், கேப்பாங்கன்னு சொன்னார். இந்தத் தீவுல பேங்க்கே கிடையாது சார்னு சொன்னேன். பரவாயில்லைன்னுட்டார். பொண்ணோடதையும் சேத்து வாங்கிட்டார்."

"பொண்ணோடதா?"

"ஆமா. ரெண்டு."

தூலின் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். நெர்மின் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நுர்தென் அவள் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையை மெல்ல நிமிர்த்தி உள்ளே பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள்.

"அக்கா. அவங்க எங்க?"

"சர்ச்சைப் பாக்க."

"அக்கா."

நுர்தென் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சத்தம் போடாதே. நாலு பேர் நம்ம பாஷை தெரிஞ்சவங்க இருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "பின்பக்கக் குடாவுல படகு நிக்குது. எதிர்ல இருக்கற பெரிய தீவுக்குப் போறாங்க, அரை மணிதான். ராத்திரி அங்கேர்ந்து வேற கப்பல். அதுக்கப்புறம் யாரும் அவனைத் தொட முடியாது."

"பெலினையும் கூட்டிட்டா?"

"இங்க இருந்து என்ன பண்ணுவா? கொலைகாரன் பொண்ணுன்னு பள்ளிக்கூடத்துல விரல் நீட்டுவாங்க. அங்க போய்ப் படிக்கட்டும்."

"நான்?"

நுர்தென் மேசைமேல் சிந்தியிருந்த சர்க்கரையை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"நீ வீட்டுல இருக்கணும். ராத்திரி விளக்கு எரியணும். பால்கனியில துணி காயணும். பொண்டாட்டி இங்கதானே இருக்கா, எப்படியும் வந்துடுவான்னு போலீஸ் நெனைக்கணும். கொஞ்ச நாளைக்குத்தான்."

"என்னை அடகு வெச்சிருக்கீங்க."

"உனக்குத் தெரியாம இருந்தா உனக்கு நல்லதுன்னுதான் அவன் சொல்லலை. போலீஸ் கேட்டா, தெரியாதுன்னு நீ நெஜமாவே சொல்லலாம் பாரு."

நெர்மின் எழுந்தாள். நுர்தென் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தமுறை நெர்மின் உதறினாள். கோப்பை உருண்டு கீழே விழுந்து உடைந்தது. கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என் பொண்ணை என்கிட்டக் கேக்காம எப்படி அனுப்புவீங்க?" என்றாள் நெர்மின், சத்தம் போடாமல். பதிலுக்கு நிற்கவில்லை.

*

சர்ச்சைத் தாண்டியதும் படிகள் முடிந்து ஆட்டுத்தடம் தொடங்கியது. மேலே ஏற ஏறக் காற்று முகத்தில் அறைந்தது. செருப்பு கல்லில் வழுக்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கோ ஆட்டின் கழுத்துமணி அடித்துக்கொண்டிருந்தது. ஆடு கண்ணில் படவில்லை.

அவர்கள் போயிருந்தால்? அந்த எண்ணத்தை முழுசாக எண்ண அவளுக்குத் தைரியம் வரவில்லை. கால் எரிந்தது. நடந்தாள். பிறகு ஓடினாள்.

முகட்டில் ஏறியதும் குடா தெரிந்தது. ஒரு நீலப் படகு கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. படகோட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றான். ஹாலுக்கும் நீரில்தான் நின்றான். பெலின் கரையில் ஒரு பாறைமேல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வெயிலில் அவள் மடிமீது குளிர்காலக் கோட்டு கிடந்தது.

நெர்மின் சறுக்கியும் விழுந்தும் கீழே வந்துசேர்ந்தாள். ஹாலுக் அவளைப் பார்த்தான். கோபப்படவில்லை. களைத்துப்போன முகம்.

"அக்காவால ஒரு மணி நேரம் உன்னைப் பிடிச்சு வைக்க முடியலையா?"

"பெலின், எழுந்து இங்க வா" என்றாள் நெர்மின்.

"அவ என்னோட வரா."

"அவளைக் கேட்டியா?"

"கேட்டாச்சு. அரை மணி நேரமாக் கேட்டுட்டிருக்கேன். வாயைத் திறக்க மாட்டேங்கறா."

படகோட்டி அவன் மொழியில் ஏதோ கத்தினான், வானத்தைக் காட்டி. அலை ஒன்று படகைத் தூக்கிப் பாறையில் மோதப் பார்த்தது. ஹாலுக் கரையேறி வந்து பெலினின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் எழுந்தாள், ஆனால் நகரவில்லை.

"அப்பா, ஸெலிஹா அத்தையோட சின்னப் பையன் பேரு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நெர்மின் நினைத்தாள். பெலினும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"பாரிஷ்" என்றான் ஹாலுக். "அஞ்சு வயசு. மூணாவது மாடி, இடது பக்கம். அவன் அண்ணன் பேரு செர்ஹாத். எதிர் வீட்டுல யில்மாஸ் வாத்தியார், அவர் மனைவி, மாமியார். மேல்வீட்டுல..." ஈரக்கையால் முகத்தைத் துடைத்தான். "எல்லாப் பேரும் தெரியும்மா. கண்ணை மூடினா வரிசையா வருது. அதனாலதான் அங்க என்னால இருக்க முடியலை."

"அவங்ககிட்டப் போய் அதைச் சொல்லேன்" என்றாள் பெலின். அழுகையில் வாய் கோணியது. "இதையே சொல்லு, அப்பா. இப்ப சொன்ன மாதிரியே."

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது."

"சொல்லாட்டி என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

ஹாலுக் பிடியை விட்டான். மனமறிந்து விட்டானா, கை சோர்ந்து விட்டானா என்று நெர்மினுக்குப் புரியவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"பாஸ்போர்ட்."

அவன் பையைத் திறந்து பெலினின் பாஸ்போர்ட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். கொடுக்கும்போது விரல்கள் பட்டன, ஐஸாக இருந்தன.

"நீயும் வந்துடு, ஹாலுக். திரும்பிப் போயிடலாம்" என்றாள். அவளுக்கே அது வியப்பாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவன் வந்தால் போதும் என்றிருந்தது.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பெலினின் உச்சியில் முகத்தைப் புதைத்தான். பிறகு நீரில் இறங்கிப் படகில் ஏறிக்கொண்டான். படகு குடாவைத் தாண்டும்வரை அவன் கரைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் கப்பலின் சங்கு ஊதியது.

*

முகட்டின்மேல் பெலின் நின்றுவிட்டாள்.

"நட. படகு போயிடும்."

"அம்மா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

நெர்மின் திரும்பினாள். பெலின் கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஏறும்போதே அப்பா எல்லாம் சொல்லிட்டார். பெரிய தீவு, ராத்திரிக் கப்பல், எல்லாம். தண்ணி குடிக்கறேன்னு சர்ச்சுக்குள்ள போய் ஸெலிஹா அத்தைக்கு எழுதிட்டேன். அவங்க போலீஸ்ல சொல்வாங்கன்னு நெனைச்சேன். பிடிச்சுத் திரும்பக் கொண்டுவருவாங்க, அப்பா எல்லாத்தையும் சொல்லிடுவார், முடிஞ்சுடும்னு நெனைச்சேம்மா."

"எழுதினியா?" நெர்மினின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவ என்ன சொன்னா?"

பெலின் கைபேசியை நீட்டினாள். திரையில் இரண்டே வரி.

*அல்லா உன்னை நல்லா வைக்கட்டும், மகளே. என் தம்பி முந்தாநாளே அங்கே போயிட்டான்.*

"முந்தாநாளேவா? நாம வரது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் சொன்னேன்" என்றாள் பெலின். "எந்தெந்தத் தீவுக்குப் போறோம்னு. பெரிய தீவும் அதுல இருந்தது. சும்மா பேச்சுவாக்குல கேட்டாங்க. தினமும் பேசுவோம்மா. அந்தத் தம்பி அங்க என்ன பண்றார்னு அப்புறம் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். பதிலே இல்லை."

ஹாலுக்கின் பழைய கைபேசி கப்பலில், கட்டில் மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று காலை அதை அங்கே பார்த்தபோது மறந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். வேண்டுமென்றேதான் விட்டுவந்திருக்கிறான்; அவனுடைய புதிய எண் நுர்தென் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும்.

"ஓடு" என்றாள் நெர்மின்.

*

கடைசிப் படகு அலையில் ஏறி இறங்கிக் கப்பலைத் தொட்டபோது பாதிப்பேர் வாந்தியெடுத்திருந்தார்கள். நுர்தென் முந்தின படகிலேயே வந்துவிட்டிருந்தாள். கப்பலின் வாசலில் அதிகாரி நான்காவது ஆள் எங்கே என்று கேட்டபோது, அவளே முன்னே வந்து பதில் சொன்னாள்.

"தம்பிக்கு இங்க ஒரு சிநேகிதர் கிடைச்சுட்டார். தங்கிட்டு விமானத்துல வருவான். எழுதிக் கொடுக்கணுமா? கொடுங்க."

பெலினைப் பார்த்ததும் அவள் முகம் ஒருகணம் இறுகியது.

நுர்தெனை அறைக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினாள் நெர்மின். பெலின் வெளியே நடைவழியில் நின்றுகொண்டாள். கப்பல் நங்கூரம் எடுக்கும் சத்தம் சுவர் வழியே கேட்டது.

"அக்கா, அவரோட புது நம்பர் கொடுங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"கொடுங்க அக்கா. நேரமில்லை."

"எதுக்கு? அழுது கூப்பிட்டு அவனைத் திருப்பிக் கொண்டுவரவா? பொண்ணைப் பிரிச்சது போதாதா உனக்கு? அவன் உசிரோட தப்பிச்சான், அதையாவது விடு."

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இந்த வீட்டில் பெலினுக்கு இனி இடமில்லை. நுர்தென் மன்னிக்கிற பெண் அல்ல. சாகும்வரை அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"அவர் எங்க போறார்னு ஸெலிஹாவுக்குச் சொல்லிட்டேன்" என்றாள் நெர்மின். "நான்தான் சொன்னேன். கோபத்துல. அவ தம்பி அந்தப் பெரிய தீவுல காத்துட்டிருக்கான்."

நுர்தென் அவளையே பார்த்தாள். கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. ஓங்கிய கையால் பையைத் திறந்து, மருந்துச் சீட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கைபேசியை எடுத்தாள். அவசரத்தில் இரண்டுமுறை தவறாக அழுத்தினாள். இருவரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சன்னலுக்கு வெளியே கிரெனா மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றது ஹாலுக்கின் குரல். காற்று இரைச்சல், பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். ஆனால் குரலில் காலையில் இல்லாத ஓர் இலகுத்தன்மை. "வந்து சேந்துட்டேன். கவலைப்படாதே. பொண்ணு வரலை, சொல்லியிருப்பா நெர்மின். பரவாயில்லை. இங்க இறங்கினதும் நம்ம ஊர்க்காரப் பையன் ஒருத்தன் கிடைச்சான். தெக்கத்திப் பையன். பையை அவனே தூக்கிட்டான், வண்டி வெச்சிருக்கானாம். ராத்திரி வரைக்கும் எங்க வீட்டுல இருங்க அண்ணேன்னு..."

"ஹாலுக்" என்று நெர்மின் கைபேசியைப் பறித்தாள். "ஹாலுக், அந்த வண்டியில ஏறாதே. கேக்குதா? ஏறாதே."

கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. கப்பல் தீவின் சிக்னல் எட்டாத இடத்துக்கு வந்திருந்தது.

நுர்தென் கைபேசியை வாங்கி மறுபடி அழுத்தினாள். மறுபடியும். இணைப்பு இல்லை என்று ஒரு பெண்குரல் தெரியாத மொழியில் பொறுமையாகச் சொன்னது.

சாத்திய அறைக்கதவு எப்போதோ திறந்திருந்தது. பெலின் உள்ளே ஓரடி எடுத்துவைத்து நின்றாள்.

"அம்மா" என்றாள். "நீ சொன்னதை அப்பா கேட்டாரா?"